மேடைக் கலைச்சொற்கள்: இருட்டில் கேட்கும் தமிழ் எது?

பக்கத்திரை எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக நாடகங்களுக்கு மேடை மேலாளராகப் பணியாற்றி வருகிறேன். நாடகம் நடக்கும் நேரம் முழுவதும் பக்கத்திரையின் மறைவில், பிரதியின் மேல் மட்டும் விழும் சிறிய நீல விளக்கின் அடியில் அமர்ந்து, ஒளி, ஒலி, திரை, அரங்கப்பொருள் ஆகிய பிரிவினர் ஒவ்வொருவருக்கும் உரிய நொடியில் உரிய கட்டளையை ஹெட்செட் வழியாகச் சொல்வதே என் வேலையின் பெரும்பகுதி. மேடைக்கான தமிழ்க் கலைச்சொற்கள் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அந்தச் சொல் தூய தமிழா, பொருள் சரியாக அமைந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளே கேட்கப்படுகின்றன. அவை வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: முழு இருட்டில், வாத்தியங்களின் முழக்கத்துக்கு நடுவே, அரை நொடியில் சொல்லப்படும்போது அந்தச் சொல் வேறு எதுவாகவும் கேட்காமல் இருக்குமா? இந்த மூன்றாவது கேள்வியை முன்வைத்து ஒரு விவாதம் நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

இந்த எண்ணத்தை என்னுள் ஊன்றிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஒத்திகையில் விளக்குகள் முற்றிலும் அணைந்ததும் நடிகர்கள் தரையில் ஒட்டப்பட்டிருந்த ஒளிரும் நாடாக் குறிகளில் வந்து நிற்க வேண்டும். "எல்லோரும் இடத்துக்கு வாருங்கள்" என்றேன். குழுவுக்குப் புதிதாக வந்திருந்த இளைஞர் ஒருவர் அன்று மாலை முழுவதும் வலம், இடம் என்ற சொற்களையே கேட்டுப் பழகியவர். அவர் தம் குறிக்குப் போகாமல் இடப்பக்கமாக நகர்ந்தார். அங்கே இரண்டடி உயரமுள்ள மரத்தளத்தின் விளிம்பு இருந்தது. கால் பாதி வெளியே போனபோது அருகில் நின்ற மூத்த நடிகர் தோளைப் பிடித்து இழுத்துவிட்டதால், முழங்காலில் ஒரு சிராய்ப்போடு தப்பினார். விளக்கு வந்த பிறகு, "நீங்கள்தானே அம்மா இடத்துக்கு வரச் சொன்னீர்கள்?" என்று அவர் கேட்டார். இலக்கணப்படி அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. நிற்கும் இடமும் இடப்பக்கமும் தமிழில் ஒரே சொல்.

இடது, வலது என்று மாற்றிக்கொண்டாலும் சிக்கல் தீரவில்லை. இரண்டும் மூன்றெழுத்துச் சொற்கள், இரண்டும் 'து' என்றே முடிகின்றன; வேறுபடும் முன்னெழுத்துகள்தாம் ஹெட்செட்டில் முதலில் நறுக்குண்டு போகின்றன. தவிர, யாருடைய இடது என்ற கேள்வி எப்போதும் உண்டு. பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடதுதான் மேடையின் இடது என்பது பரவலான விதி. இருந்தும் அவையில் அமர்ந்து ஒத்திகை நடத்தும் நெறியாளர்கள் தம்மை மறந்து தங்கள் கைப்பக்கத்தைச் சொல்லிவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். 1770-இல் அவர்களுடைய தேசிய நாடகக் குழு பாரிசின் துய்லரி அரண்மனை அரங்குக்குச் சென்றது. அந்த அரங்கின் ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் முற்றம். அதனால் நடிகரின் வலப்பக்கம் 'தோட்டப்பக்கம்' என்றும் இடப்பக்கம் 'முற்றப்பக்கம்' என்றும் பெயர் பெற்றன. இன்றுவரை எந்த ஊர் அரங்காக இருந்தாலும், அருகில் செடி ஒன்றுகூட இல்லாவிட்டாலும், அவர்களுக்கு அது தோட்டப்பக்கம்தான். யார் எந்தத் திசையில் திரும்பி நின்றாலும் தோட்டம் தோட்டமாகவே இருக்கும். காதுக்கும் இரண்டும் வெவ்வேறு சொற்கள். பிரிட்டனில் வசனம் எடுத்துக்கொடுப்பவர் வழக்கமாக அமரும் பக்கத்தை வைத்து நடிகரின் இடப்பக்கத்தைக் குறிக்கிறார்கள்.

தமிழில் இத்தகைய இணைச்சொற்களை உருவாக்க முடியுமா? உங்கள் அனுபவங்களை எதிர்பார்க்கிறேன்.

மரபுச்சொல் எழுதியது:

அம்மையாருக்கு வணக்கம். தங்கள் கேள்வி மிகவும் தேவையானது. எனினும் புதுச்சொல் படைக்கும் முன் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் காவியமாக மட்டும் படிக்காமல் ஒரு மேடைத் தச்சரின் குறிப்பேடாகவும் படிக்கலாம். இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல், அந்தக் கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, உயரம் 1, அரங்கப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4, வாயில்கள் இரண்டு. இவ்வளவு துல்லியமாக அளவு சொல்லிவிட்டு, மூன்று வகைத் திரைகளையும் அந்நூல் பெயரிட்டுக் கூறுகிறது. ஒரு பக்கத்திலிருந்து உருவி இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து நடுவில் கூடுவது பொருமுக எழினி. மேலே மறைவாகக் கட்டப்பட்டிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. இன்றைய அரங்குகளில் பயன்படும் திரை வகைகளும் பெரும்பாலும் இவை மூன்றில் அடங்கிவிடுகின்றன.

'திரை' என்ற சொல்லை இன்று சினிமா எடுத்துக்கொண்டுவிட்டது. திரைக்கலைஞர், திரைக்கதை, திரையரங்கு என்று எல்லாம் அதன் வசமாகிவிட்டன. ஆகவே நாடக மேடையின் முகப்புத் திரைக்கு எழினி என்ற பெயரையும், அதன் வகைகளுக்கு மேற்சொன்ன மூன்று பெயர்களையும் மீட்டுக்கொள்வதே முறை என்பது என் துணிபு.

முதல்வரிசை எழுதியது:

நான் அரங்கியல் படிக்கும் மாணவி. ஐயா அவர்களிடம் ஓர் ஐயம். எங்கள் பயிற்சியில் 'இரண்டாம் காட்சிக்கு இந்த விளக்கு வேண்டாம்' என்று எழுதியிருந்த குறிப்பை, மாலையில் நடக்கவிருந்த இரண்டாவது நிகழ்ச்சி என்று ஒருவரும், நாடகத்தின் இரண்டாவது காட்சி என்று மற்றவரும் புரிந்துகொண்டோம். இதற்கு மரபில் வேறு சொல் உண்டா? 'சீன்' என்று சொல்லிவிடுவது தவறா?

மரபுச்சொல் எழுதியது:

தவறில்லை, மகளே. அந்தச் சொல்லின் பயணம் நெடியது. பழைய கிரேக்க அரங்கில் ஆடுகளத்துக்குப் பின்னால் நடிகர்கள் உடை மாற்றிக்கொள்ளப் போட்ட குடிலுக்கோ கூடாரத்துக்கோ உரிய பெயரே அதன் மூலம். குடிலின் முகப்பு பின்னணிச் சித்திரமாக மாறி, பின்னணி மாறும்போதெல்லாம் தொடங்கும் நாடகப் பகுதிக்கும் அதுவே பெயராயிற்று. நம் பழைய நாடகக் கம்பெனிகளில் தீட்டிய துணியையே 'சீன்' என்றார்கள். 'சீன் கட்டுவது' என்றால் அந்தப் படுதாவைக் கட்டுவது. அந்த வழக்கு மூலப்பொருளுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பாருங்கள்.

நாடகப் பகுதிக்கு வேறு சொல் வேண்டுமென்றால், 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை அங்கம், களம் என்ற பிரிவுகளைக் கையாண்டிருக்கிறார். மாலைக் காட்சி, இரவுக் காட்சி என்பவை நிகழ்ச்சியையே குறிக்கட்டும். நாடகத்துக்குள் முதல் களம், இரண்டாம் களம் என்று வழங்கினால் தாங்கள் சொன்ன குழப்பம் வராது.

ஒளிமேசை எழுதியது:

களம் என்ற சொல்லை மனமார வரவேற்கிறேன். ஒளிப் பிரிவில் உள்ளவன் என்ற முறையில் இன்னொரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 'விளக்கை ஏற்று' என்று கட்டளை வந்தால் நான் என்ன செய்வது? அணைந்திருக்கும் விளக்கைப் பொருத்தலாம். எரியும் விளக்கின் ஒளியைக் கூட்டலாம். விளக்குகள் பூட்டிய கம்பியை மேலே தூக்கச் சொல்லி மேல்தளத்துக்குத் தகவல் அனுப்பலாம். மூன்றும் தமிழில் ஏற்றுவதுதான். முதல் இரண்டில் பிழை நேர்ந்தால் ஒரு தருணம் கெடும். மூன்றாவதில் பிழை நேர்ந்தால், பல நூறு கிலோ எடையுள்ள கம்பி யாரும் எதிர்பாராத நேரத்தில் ஆட்களின் தலைக்கு மேல் அசையத் தொடங்கும். எங்கள் குழுவில் ஒளியின் அளவுக்குக் கூட்டு, குறை என்றும், தொங்குகம்பிகளுக்குத் தூக்கு, இறக்கு என்றும் பிரித்து வைத்துவிட்டோம். 'ஏற்று' என்ற சொல்லை நாடக நேரத்தில் யாருமே வாயில் எடுப்பதில்லை.

எண்களும் கவனத்துக்கு உரியவை. எழுபது, எண்பது என்ற இரண்டும் ஹெட்செட்டில் ஏறத்தாழ ஒன்றுபோலவே கேட்கின்றன. ஒவ்வொரு ஒளிமாற்றத்துக்கும் பிரதியில் இட்டிருக்கும் எண்ணை இலக்கம் இலக்கமாக, 'ஏழு மூன்று', 'எட்டு மூன்று' என்று சொல்லத் தொடங்கிய பிறகு அந்தத் தவறு எங்களிடம் நேரவே இல்லை.

பொருள் மறைந்தாலும் சொல் வாழும் என்பதற்கு எங்கள் துறையிலேயே சான்று உண்டு. சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்த சுவாலையில் வெண்சூடாக்கிப் பெறும் ஒளியை 1837-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் பயன்படுத்தினார்கள். 1881-இல் திறக்கப்பட்ட லண்டன் சவாய் அரங்கு முழுவதும் மின்விளக்கு பெற்றது. அதற்குப் பிறகு சுண்ணாம்பு விளக்கு மெல்ல வழக்கொழிந்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் புகழ் வெளிச்சத்தில் நிற்பவரை இன்றும் 'லைம்லைட்டில் இருக்கிறார்' என்றே சொல்கிறார்கள். அரங்கேற்று காதையில் தூண்களின் நிழல் அவையிலும் மேடையிலும் விழாமல் புறத்தே போகும்படி விளக்கு நிறுத்தியதாக வருகிறது. இதை மரபுச்சொல் ஐயா குறிப்பிடாமல் விட்டுவிட்டார். நான் ஒவ்வொரு மேடையிலும் முதல் ஒரு மணி நேரம் செய்வது அந்த வேலையைத்தான்.

கயிறும் கப்பியும் எழுதியது:

கம்பிகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். மேல்தளத்தில் எதிர்எடைகளை, அதாவது கம்பியின் சுமையைச் சமன்செய்ய மறுமுனையில் வைக்கும் எடைகளைக் கையாளுபவன் நான். கம்பியில் சுமை ஏற்றிய பிறகே எதிர்எடை வைக்க வேண்டும். கழற்றும்போது எதிர்எடையை முதலில் எடுத்த பிறகே சுமையைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் கம்பியைப் பிடித்து நிறுத்த மனித வலிமை போதாது. ஆகவே எங்களுக்குக் கட்டளைச் சொல் என்பது உயிரோடு சம்பந்தப்பட்டது.

தமிழுக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே சுட்ட விரும்புகிறேன். நம் மொழியில் வினையடி முன்னால் வருகிறது, மறுப்பு பின்னால் வருகிறது. 'இறக்காதே' என்று ஒருவர் கத்தினால், 'இறக்கு' என்பதற்கு உரிய ஒலிதான் முதலில் என் காதில் விழுகிறது. பதற்றமான நேரத்தில் கை அந்த முதல் ஒலிக்கே அசைந்துவிடும். 'ஆதே' வந்து சேரும்போது கயிறு ஒரு முழம் ஓடியிருக்கும். இதைக் கண்ட பிறகு, எதிர்மறை ஏவலை மேடையில் பயன்படுத்துவதே இல்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். எதையும் தடுக்க வேண்டுமானால் ஒரே சொல், 'நில்'. அதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், புதிதாக வந்த பயிற்சியாளரும் சொல்லலாம். கேட்டவர் ஏன் என்று கேட்காமல் அப்படியே நிற்க வேண்டும்.

மரபுச்சொல் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். எழினி அழகான சொல். முகப்புத் திரைக்கு அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தீ பரவாமல் தடுக்க மேடைக்கும் அவைக்கும் நடுவே இறங்கும் திரைக்கு எழினி என்றோ திரை என்றோ பெயர் பகிரப்படக் கூடாது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா அரங்கில் தீப்பிடித்தபோது அந்தத் திரை பாதி வழியில் சிக்கிக்கொண்டது. அன்று அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். திரை சிக்கியதற்குப் பெயர் காரணமில்லை என்பதை அறிவேன். எனினும் அத்தகைய நொடியில் ஒருவர் வாயிலிருந்து வரும் பெயருக்கு மேடையில் ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். நாங்கள் அதைத் 'தீத்தடுப்பு' என்று மட்டுமே சொல்கிறோம்.

பக்கத்திரை எழுதியது:

மறுப்பு பின்னால் வருவது பற்றி நண்பர் எழுதியதைப் படித்ததும் என் பிரதியைத் திறந்து பார்த்தேன். 'இங்கே திரை மூடக் கூடாது', 'ஒலியை நிறுத்தாதே' என்று நான் பென்சிலால் எழுதி வைத்திருந்த குறிப்புகள் ஒன்பது இருந்தன. அனைத்தையும் உடன்பாட்டு வாக்கியங்களாக மாற்றிவிட்டேன்: 'திரை திறந்தே இருக்கும்', 'ஒலி தொடரும்'. மிக்க நன்றி.

ஐயா அவர்களின் எழினிகளைப் பற்றி என் கருத்தை மரியாதையோடு முன்வைக்கிறேன். எழினி என்ற சொல் என் தேர்வில் முழுமையாகத் தேறுகிறது. அதைப்போல ஒலிக்கும் வேறு எந்தச் சொல்லும் மேடையில் இல்லை. ஆனால் ஒருமுகம், பொருமுகம் என்ற இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு ஒலிதான். அதுவும் முதல் ஒலி. இடது வலதுக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும். வரைபடத்திலும், அரங்கம் கட்டுபவருக்குக் கொடுக்கும் விவரத்திலும், பாடநூலிலும் அவை இருக்கட்டும். அங்கே அவற்றைவிடச் செறிவான சொற்கள் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. ஹெட்செட்டில் மட்டும் 'முன் எழினி', 'நடு எழினி' என்று இருப்பிடத்தால் அழைப்போம். எழுதும் சொல்லும் ஏவும் சொல்லும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எனக்குத் தெரிந்து எந்த மொழியின் அரங்கிலும் இல்லை.

இனி எனக்கு மிகவும் கடினமாக இருக்கும் சொல்லுக்கு வருகிறேன். ஆயத்த நிலைக்கு எங்களிடம் தெளிவான வழக்கு உண்டு. 'ஒளி ஏழு மூன்று, தயாராகுங்கள்' என்பேன். ஒளிமேசையிலிருந்து 'தயார்' என்று பதில் வரும். அடுத்து, செயல் நிகழ வேண்டிய நொடியைக் குறிக்கும் அந்த ஒற்றைச் சொல் எது? ஆங்கிலம் பேசும் குழுக்கள் 'கோ' என்கின்றன. கட்டளைக்கு அன்றி வேறு எதற்கும் ஹெட்செட்டில் அந்தச் சொல்லை உச்சரிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டையும் வைத்திருக்கின்றன. தமிழில் 'விடு' என்று சொல்லிப் பார்த்தோம். 'விடு, பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒருவர் இயல்பாகப் பேச்சில் சொன்னதற்கு இடியோசை ஒலித்துவிட்டது. 'சரி' என்பதோ ஒவ்வொரு பேச்சிலும் வந்து விழும் சொல். 'போ' என்று எங்கள் ஒளிமேசைப் பெரியவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. 'போங்கள்' என்றால் எந்த அசையில் அவர் பொத்தானை அழுத்துவது? 'போ'விலா, 'கள்'ளிலா? அந்த இடைவெளியில் துப்பாக்கி வெடித்து முடித்த பிறகு ஓசை வரும்.

ஆகவே பல குழுக்களைப் போல நாங்களும் 'கோ' என்றே சொல்லி வருகிறோம். ஆங்கிலச் சொல் என்ற உறுத்தல் எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

ஈழத்துக் களரி எழுதியது:

வணக்கம். இலங்கையில் நாடகமும் அரங்கியலும் பள்ளிப் பாடமாகவே இருப்பதால், நெறியாளர், நெறியாள்கை, காட்சி விதானிப்பு (காட்சியமைப்பு), ஆற்றுகை (நிகழ்த்துதல்), படச்சட்ட மேடை (சட்டமிட்ட படம்போல முன்பக்கம் மட்டும் திறந்த மேடை) ஆகியவை எங்களுக்கு வகுப்பறையிலிருந்தே வாயில் பழகிவிட்ட சொற்கள். யாரும் அவற்றைச் செயற்கையாக உணர்வதில்லை. மேடையின் பின்பகுதியை மேல்மேடை என்றும் முன்பகுதியைக் கீழ்மேடை என்றும் நாங்கள் வழங்குகிறோம். பழைய ஐரோப்பிய அரங்குகளில் மேடை பின்புறம் உயர்ந்து அவையை நோக்கிச் சரிந்திருந்ததால் வந்த வழக்கு அது. சமதள மேடையில் நின்று 'மேலே போங்கள்' என்று சொன்னால் புதியவர்கள் விளக்குக் கம்பியை அண்ணாந்து பார்ப்பார்கள் என்பதும் உண்மை. அதற்கு முன், பின் என்றே சொல்லிவிடலாம். முன் என்பது அவையின் பக்கம் என்ற ஒரே விதியை முதல் நாளே சொல்லிவிட்டால் போதும்.

இடம், வலம் பற்றி ஒரு யோசனை. பக்கத்திரை அம்மா அமரும் பக்கத்தை 'மேசைப்பக்கம்' என்றும், எதிர்ப்பக்கத்தை 'வாயிற்பக்கம்' என்றும் வைத்துக்கொண்டால் என்ன? மேசையையும் வாயிலையும் யாரும் மாற்றிக் கேட்க முடியாது.

மரபுச்சொல் எழுதியது:

அம்மையாரின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒருமுகமும் பொருமுகமும் ஏட்டில் இருக்கட்டும். எழினி மேடைக்கு வரட்டும். வசனம் எடுத்துக்கொடுப்பவர் என்ற தங்கள் பயன்பாட்டைக் கண்டு மகிழ்ந்தேன். அடியெடுத்துக் கொடுத்தல் என்பது நெடுங்காலத் தமிழ் வழக்கு. அதை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடுவோரை நினைத்து வருந்தியிருக்கிறேன்.

'கோ' பற்றிய உறுத்தலைத் தாங்கள் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். கோத்தல் என்ற வினையின் ஏவல் வடிவம் 'கோ'. ஊசியில் நூலைக் கோ, மணிகளை மாலையாகக் கோ என்கிறோம். ஆங்கிலச் சொல்லோடு இதற்குப் பிறப்புத் தொடர்பு எதுவும் இல்லை. அப்படி நான் சொல்லவும் இல்லை. ஆனால் ஒலியையும் ஒளியையும் எழினியையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இழையில் சேர்க்கும் வேலைக்கு, தமிழ்க் காது அந்த ஒலியை இந்தப் பொருளிலும் கேட்டுக்கொள்ள இடம் இருக்கிறது. மரியாதைக் குறைவாக யாரும் கருத மாட்டார்கள் என்றும் நம்புகிறேன்.

ஒளிமேசை எழுதியது:

என் பணியனுபவத்தில் எந்தப் பெரியவரும் 'கோ' என்ற சொல்லுக்கு முகம் சுளித்ததில்லை. ஒரு சிறு கூடுதல் குறிப்பு: பிரிவின் பெயர், எண், கட்டளை என்ற வரிசையில் கட்டளை இறுதியில் வருவது தமிழுக்கு இயல்பான வாக்கிய அமைப்பு. வினை கடைசியில் வரும் என்று நாம் பிறந்தது முதல் காத்திருந்து கேட்கப் பழகியவர்கள். ஆகவே கடைசிச் சொல்லுக்குக் கையைத் தயாராக வைத்திருப்பது நமக்கு எளிது.

பக்கத்திரை எழுதியது:

நேற்றைய ஒத்திகையில் இவற்றுள் சிலவற்றைப் பயன்படுத்திப் பார்த்தோம். மேடையின் இரு பக்கத் தூண்களிலும் 'மேசை', 'வாயில்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். கைப்பொருள் மேசையில் ஒவ்வொரு பொருளுக்கும் நாடாவால் கட்டம் போட்டு, அது எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போக வேண்டும் என்பதையும் அதே சொல்லால் குறித்தோம். முதல் அரை மணி நேரம் நான் மூன்று முறை 'இடது' என்று சொல்லிவிட்டேன்; ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் 'நில்' என்று சொல்லி நிறுத்தினார். நான்காவது முறை நேரவில்லை.

'இடத்துக்கு வாருங்கள்' என்பதை 'குறிக்கு வாருங்கள்' என்று மாற்றிவிட்டேன். மூன்றாம் களத்தின் முடிவில் விளக்குகள் அணைந்ததும் அதைச் சொன்னேன். அந்த இளைஞர் இருட்டில் நான்கு அடி வைத்துத் தம் நாடாக் குறியின் மேல் நின்றார். ஒளி ஏழு மூன்றுக்கு ஒளிமேசையிலிருந்து 'தயார்' என்ற குரல் வந்தது, 'கோ' என்றேன்.

வாயிற்பக்கம் என்ற சொல் மட்டும் ஓடி வருபவர்களுக்குச் சற்று நீளமாக இருப்பதாக நடிகர்கள் சொல்கிறார்கள். 'வாயில்' என்று சுருக்கினால், உண்மையான வாயில் அரங்கப்பொருளாக இருக்கும் நாடகங்களில் மீண்டும் குழப்பம் வரும். ஈழத்து நண்பரும் மற்றவர்களும் இதற்கு ஏற்ற சொல் ஒன்றை யோசித்துச் சொல்ல வேண்டுகிறேன்.